சாமிக்கு வசதிப்படாத வீடு

காஞ்சிபுரத்தில் ஒரு சாமிக்கு இருந்த இடம் வசதிப்படவில்லை. கிளம்பிவிட்டார்.

கல்வராயன் மலைக்காரர்களின் வரலாறு இங்கேதான் தொடங்குகிறது. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை, பரிகம் என்று போய் மலையேறினால் கரியாலூர். அங்கும், அதைத் தாண்டி வெள்ளிமலையிலும், சுற்றுப்பட்ட சிற்றூர்களிலும் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடிகள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, பேச்சு தமிழ். சாமி கரிராமன். எட்கர் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1909-இல் ஏழு தொகுதிகளாக அச்சிட்ட சாதி, பழங்குடிக் களஞ்சியத்தில் இவர்கள் கதை இருக்கிறது. கரிராமனுக்குக் காஞ்சியில் இருப்புக் கொள்ளவில்லை. புது இடம் தேடிப் புறப்பட்டார். அவர் பின்னால் பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று பேர் குடும்பம் குட்டியோடு ஆளுக்கொரு வழியாக வந்து மலைகளைப் பிடித்தார்கள். யார் எந்த மலையைப் பிடித்தார் என்பதில் மலைக்கு மலை கதை மாறும்.

என்ன வசதிக்குறைவு என்று களஞ்சியம் சொல்லவில்லை. ஊகிப்பது நம் உரிமை. காஞ்சி அப்போதே கட்டிக் கட்டிக் களைத்துப்போன ஊர். ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கயிலாசநாதர் கோயிலின் திருச்சுற்றில் மட்டும் 58 சிறு சன்னதிகள், சுவரோடு சுவர் ஒட்டி. இன்றைய புரமோட்டர் பார்த்தால் கண்ணீர் மல்குவார்: ஒரே மனையில் 58 யூனிட்! அப்பேர்ப்பட்ட ஊரில் காற்றுக்கு ஏங்கிய ஒரு சாமி, ‘ஆளை விடுங்கப்பா’ என்று மலைக்குக் கிளம்பியதில் ஆச்சரியமில்லை. கருவறை இத்தனை முழம், விமானம் இத்தனை தளம் என்று ஸ்தபதிகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த மும்முரத்தில், உள்ளே இருப்பவரிடம் ‘இங்கே உமக்குச் சௌகரியம்தானா?’ என்று ஒருவரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

கட்டடக்காரருக்குத் தத்துவம் கொடுக்கக்கூடிய மொத்தச் சொத்தும் அந்த ஒரு கேள்விதான் என்பது என் கட்சி. பென்சிலை எடுப்பதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி. அதைக் கேட்க மறந்தவர்களும், கேட்டுவிட்டுப் பதிலைக் காதில் வாங்காதவர்களுமாகச் சேர்ந்து எழுதியதுதான் மிச்ச வரலாறு.

ஆர்க்கிடெக்டுகளுக்கு முதன்முதலில் தத்துவப் பாடம் வைத்தவர் விட்ருவியஸ் என்ற ரோமானியர். கி.மு. முதல் நூற்றாண்டின் கடைசியில், அகஸ்டஸ் பேரரசருக்குப் பத்துப் புத்தகம் எழுதிச் சமர்ப்பித்தார். கட்டடக் கலைஞருக்கு வரையத் தெரிய வேண்டும், கணக்கு, வரலாறு, இசை, மருத்துவம், சட்டம், வானியல் எல்லாம் தெரிய வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். தத்துவம் எதற்காம்? அதைப் படித்தால் கட்டடக் கலைஞருக்குக் கர்வம் போகும், நேர்மை வரும், பணத்தாசை அண்டாது. எழுதி இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. பலனை வாசகர்களே தங்கள் வீட்டு எஸ்டிமேட்டை எடுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

விட்ருவியஸைக் கேலி செய்ய மனம் வரவில்லை. தன்னைத்தானே செய்துகொண்டவர் அவர். எனக்கு உயரம் போதாது, வயதாகி முகம் கெட்டுவிட்டது, உடம்பும் சரியில்லை என்று பேரரசருக்கே எழுதுகிறார். வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவர் எழுதுகிற கடிதமா இது? தத்துவம் படித்தால் இப்படித்தான் ஆகும்.

ஆனால் அவர் இன்னொரு காரியமும் செய்தார். மனிதனுடைய முதல் வீடு எது என்று கதை சொன்னார். காட்டில் புயலடித்து மரக்கிளைகள் உரசித் தீப்பிடித்தது, மக்கள் ஓடினார்கள், பிறகு குளிர்காயத் திரும்பி வந்தார்கள், கூடியதால் பேச்சு வந்தது, பேச்சு வந்ததும் குடிசை வந்தது. சிலர் இலைதழையால் வேய்ந்தார்கள், சிலர் தகைவிலான் கூட்டைப் பார்த்து மண்ணும் சுள்ளியும் வைத்துக் கட்டினார்கள். சான்று வேண்டுமா? ரோமின் நடுவிலேயே, கேபிடல் குன்றின் மேல், நகரை நிறுவிய ரோமுலஸின் கூரைக் குடிசை இன்னும் இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்கிறார். பளிங்கில் ஊரையே இழைத்துக்கொண்டிருந்த பேரரசு, ஒரு கூரைக் குடிசைக்குப் புல் மாற்றிப் புல் மாற்றிக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

அன்றைக்குப் பிடித்தது பித்து. ஐரோப்பாவின் தத்துவக்காரர்களும் கட்டடக்காரர்களும் அந்த ஆதிக் குடிசையைத் தேடித் தேடி அலைந்தார்கள். 1753-இல் லோஜியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் கண்டுபிடித்தே விட்டார், காகிதத்தில். நான்கு மரத்தூண், மேலே குறுக்கு விட்டம், அதற்கு மேல் சரிந்த கிளைகள். இதுதான் கட்டடக்கலையின் சாரம், தூண் உத்தமம், சுவரெல்லாம் போனால் போகிறது என்று பொறுத்துக்கொள்ள வேண்டியது. 1755-இல் வந்த இரண்டாம் பதிப்பின் முகப்பில் இதற்குப் படமே போட்டிருக்கிறார்கள். ஒரு பெண்மணி இடிந்த கற்றூண்களின் மேல் சாய்ந்துகொண்டு, அதோ பார் குடிசை என்று கை காட்டுகிறாள். குடிசையில் சுவர் இல்லை. கூரையில் புல்லும் இல்லை. மழை வந்தால் என்ன செய்வது என்று படம் போட்டவர் கேட்கவில்லை. மார்கழி மாதத்து ராத்திரி ஒன்றைக் கரியாலூரில் அந்தக் குடிசைக்குள் கழிக்கும்படி பாதிரியாரையும் அவரையும் அனுப்பியிருந்தால், காலையில் சுவரைப் பற்றித் தனி நூலே எழுதியிருப்பார்கள்.

அவர்கள் காகிதத்தில் தேடிய காலத்தில் கல்வராயன் மலையில் ஜனங்கள் அதற்குள் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூங்கிலைப் பிளந்து தட்டி கட்டி, மேலே மண் பூசி, சாணம் மெழுகிய வீடு. கூரை மலைப்புல். தாழ்வாரம் இடுப்பளவுக்கு இறங்கியிருக்கும். குனிந்துதான் போக வேண்டும், தாசில்தாராக இருந்தாலும். காற்றோடு வரும் மழைச்சாரல் மண்சுவரைத் தொடாமல் தடுப்பது அந்தத் தாழ்வு. உள்ளே கூரைக்கடியில் பரண். அதில் சாமையும் தினையும் கேழ்வரகும். அடுப்புப் புகைக்கு வெளியே போகப் புகைபோக்கி கிடையாது. அது பரணைச் சுற்றி, தானியத்தைத் தொட்டு, புல்லின் இடுக்கு வழியே கசிந்து போகும். போகிற போக்கில் வண்டை விரட்டும், புல்லில் பூச்சி ஏறாமல் பார்த்துக்கொள்ளும். சமைப்பவர் கண்ணையும் எரிக்கும். இந்தக் கடைசிச் சமாச்சாரத்தை மண்வீட்டின் மகிமை பாடும் புத்தகங்கள் எழுதுவதில்லை, ஏனென்றால் எழுதியவர்கள் சமைத்ததில்லை.

இதில் வரைபடம் இல்லை. ஆனால் யோசனை இல்லாத ஓர் அங்குலம் கிடையாது. டயோஜனஸ் என்ற கிரேக்க ஞானி பெரிய மண்ஜாடி ஒன்றில் குடியிருந்ததாகச் சொல்வார்கள். கிட்டத்தட்ட நம் குதிர். மலைக்காரர்கள் குதிரில் தானியத்தைப் போட்டுவிட்டு வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். எது ஞானம் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

ஞானிகளே கட்டடம் கட்ட இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு வியன்னாவில் ஒரு வீடு சாட்சி. லுட்விக் விட்கென்ஸ்டைன் 1921-இல் டிராக்டேடஸ் என்ற சிறு நூலை வெளியிட்டு, தத்துவத்தின் பிரச்சினைகளெல்லாம் சாராம்சத்தில் தீர்ந்துவிட்டன என்று முடிவு கட்டினார். தீர்த்துவிட்ட பிறகு சும்மா இருக்க முடியுமா? கிராமத்துப் பள்ளியில் வாத்தியார் வேலை பார்த்தார். ஒரு பையனை அடித்த விவகாரத்தில் அதை விட்டார். மடத்தில் தோட்டக்காரராக இருந்தார். தம்பி இப்படித் திரிகிறானே என்ற கவலை அக்கா மார்கரெட்டுக்கு. தனக்குக் கட்டப்போகும் வீட்டு வேலையில் அவரையும் சேர்த்துவிட்டார். பால் எங்கெல்மன் என்ற ஆர்க்கிடெக்ட் ஏற்கெனவே படம் போட்டிருந்தார், பாவம். 1926-இலிருந்து 1928 வரை நடந்த வேலையில் எங்கெல்மன் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனார்.

கதவுக் கைப்பிடி, ஜன்னல் தாழ், ரேடியேட்டர் ஒவ்வொன்றையும் விட்கென்ஸ்டைனே வடிவமைத்தார். அறையைச் சூடாக்கும் அந்த ரேடியேட்டர்களுக்கு மட்டும் ஓராண்டுக்கு மேல். ஒரு மில்லிமீட்டர் இப்படி அப்படி இருந்தால்தான் என்ன என்று பூட்டுவேலைக்காரர் கேட்க, கேள்வி முடிவதற்குள் இவர் போட்ட சத்தத்தில் அந்த மனிதர் நடுங்கிப்போனாராம். எல்லாம் முடிந்து துடைத்துப் பெருக்கும் நேரத்தில், ஒரு பெரிய அறையின் உட்கூரை மூன்று சென்டிமீட்டர் உயர வேண்டும் என்றார். உயர்த்தினார்கள். அக்காவுக்குப் பணமிருந்தது. நம் ஊரில் ஒரு மச்சினன் இதைச் சொல்லியிருந்தால் சென்ட்ரிங் ஆட்களே பதில் சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

வீடு எப்படி இருந்தது? இன்னொரு அக்கா ஹெர்மினே நினைவுக் குறிப்பில் எழுதினார்: அது தெய்வங்கள் குடியிருக்க ஏற்ற வீடாகப் பட்டதாம், அவரைப் போன்ற அற்ப மானிடருக்கு அல்ல. கரிராமனிடமே கேட்டிருக்கலாம், தெய்வங்களுக்கும் அந்த மாதிரி இடம் ஒத்துவருவதில்லை என்று அனுபவத்தில் சொல்லியிருப்பார். எழுபதுகளின் தொடக்கத்தில் இடிபடவிருந்து தப்பிய அந்த வீடு பிறகு பல்கேரிய அரசின் கைக்குப் போய்க் கலாச்சார மையமானது. குடியிருக்கத் தோதில்லாத வீடுகள் கடைசியில் கலாச்சார மையமாகத்தான் ஆகும்.

ஜெர்மனியில் ஹைடெக்கர் என்ற தத்துவக்காரர் வேறு வகை. 1951 ஆகஸ்ட் 5 அன்று டார்ம்ஸ்டாட் நகரில் ஆர்க்கிடெக்டுகள் நிறைந்த கூட்டத்தில் பேச அழைத்தார்கள். போரில் நகரங்கள் தரைமட்டம். லட்சக்கணக்கில் வீடு தேவை. எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்குச் செங்கல்லும் சிமென்டும் எங்கே கிடைக்கும் என்பதுதான் கவலை. ஹைடெக்கர் சொன்னதன் சாரம்: வீட்டுப் பற்றாக்குறை உண்மையான நெருக்கடி அல்ல, எப்படிக் குடியிருப்பது என்பதையே மனிதன் இனிமேல்தான் கற்க வேண்டும், அதுதான் நெருக்கடி. 1933-இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர் அவர்; வீடுகள் தரைமட்டமான கதையில் அந்தக் கட்சிக்கு இருந்த பங்கைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஆனாலும் ஆளைப் பிடிக்காது என்பதற்காகக் கேள்வியைத் தள்ளிவிட முடியவில்லை. கட்டி முடித்துவிட்டுக் குடியேறுகிறோம் என்று நாம் நினைக்கிறோம். குடியிருக்கத் தெரிந்தவனால்தான் கட்டவே முடியும் என்கிறார் அவர். உதாரணத்துக்குக் கருங்காட்டு மலைச்சரிவில் இருநூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு குடியானவர் வீட்டைக் காட்டினார். காற்றுக்கு முதுகு, தாழ இறங்கிய கூரை. கல்வராயன்காரர் யாராவது கூட்டத்தில் இருந்திருந்தால், ‘இதுக்கா இம்புட்டு தூரம் கூப்பிட்டீங்க?’ என்று கேட்டிருப்பார். அதே மலைப்பகுதியில் டோட்னாவ்பெர்க் என்ற ஊரில் ஹைடெக்கருக்கும் 1922 முதல் ஒரு குடில் உண்டு, ஆறு மீட்டருக்கு ஏழு மீட்டர். அதைக் கட்ட ஏற்பாடு செய்து முடித்துக்கொடுத்தவர் மனைவி எல்ஃப்ரிடே. குடியிருத்தலின் தத்துவம் கணவருடையது. கொத்தனாரோடும் தச்சரோடும் மல்லுக்கு நின்றது மனைவி. இந்தப் பாகப்பிரிவினை நமக்கும் புதிதல்ல.

குடில் மோகம் இவர்களோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் தோரோ என்ற எழுத்தாளர் 1845-இல் வால்டன் ஏரிக்கரையில் பத்துக்குப் பதினைந்து அடியில் ஒன்று போட்டார். செலவு 28 டாலர் சொச்சம் என்று கணக்கும் எழுதி வைத்தார். நிலம் நண்பர் எமர்சனுடையது. ஊர் நடக்கும் தூரம். அம்மா வீட்டுச் சாப்பாடும் கைக்கெட்டும் தூரம். வீடு என்பது ஒரு இயந்திரம் என்று முழங்கி, சண்டிகரையே கான்கிரீட்டில் வார்த்த லெ கார்புசியே, 1952-இல் தெற்கு பிரான்சின் கடற்கரையில் தனக்கென்று கட்டிக்கொண்டது என்ன தெரியுமா? மரப்பட்டை போர்த்திய ஒற்றை அறை. நீள அகலம் 3.66 மீட்டர், உயரம் 2.26. சமையலறை கிடையாது, ஒட்டினாற்போல இருந்த சாப்பாட்டுக் கடைக்கு உள்ளிருந்தே ஒரு கதவு வைத்துக்கொண்டார். ஊருக்கெல்லாம் இயந்திரம், தனக்கு மட்டும் குடிசை. இவர்கள் எல்லோரிடமும் இருந்து, மலைக்காரரிடம் இல்லாத ஒன்று உண்டு: திரும்பிப் போக இன்னொரு வீடு.

நம் பக்கத்திலேயே கொஞ்சம் உருப்படியாக நடந்ததும் உண்டு. கல்வராயனிலிருந்து இறங்கிக் கிழக்கே கடல்வரை போனால் புதுச்சேரி. அரவிந்தர் ஆசிரமத்துக்கு 1930-களில் ஒரு விடுதி தேவைப்பட்டது. ஐதராபாத் திவான் அக்பர் ஹைதரி வழியாகப் பணம் வந்ததால் கோல்கொண்டா என்று பெயர். ஆர்க்கிடெக்ட் டோக்கியோவிலிருந்து வந்த ஆன்டனின் ரேமண்ட். உதவியாளர் ஜார்ஜ் நகாஷிமா. சில மாத வேலை என்று நினைத்து ஆரம்பித்தது ஆண்டுக்கணக்கில் இழுத்தது. வாடிக்கையாளர் அதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை. ஆசிரமத்தை நடத்திய அன்னைக்கு வேண்டியது வேகம் அல்ல, செய்நேர்த்தி. ஆசிரமவாசிகளே கான்கிரீட் கலந்தார்கள். பித்தளைப் பாத்திரங்களை உருக்கிக் கைப்பிடிகளும் கீல்களும் வார்த்தார்கள். சுவர் இருக்க வேண்டிய இடத்தில் திறந்து மூடும் பலகைகளை வரிசையாக வைத்தார்கள்; கடல்காற்று தானாக வந்து போனது. நகாஷிமா சம்பளம் வேண்டாம் என்று சொல்லி சுந்தரானந்தா என்று பெயர் பெற்று ஆசிரமவாசியாகவே ஆனார். பணத்தாசை போகும் என்ற விட்ருவியஸின் வாக்கு பலித்தது, எனக்குத் தெரிந்து, இந்த ஒரு தடவைதான். வீட்டுக்கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கும் சாமானியருக்கு இந்த முறை உதவாது என்பது வேறு விஷயம்.

உதவக்கூடியது லாரி பேக்கர் கதை. பர்மிங்ஹாமில் கட்டடக்கலை படித்த இங்கிலாந்துக்காரர். இரண்டாம் உலகப்போரில் சீனாவில் மருத்துவப் பணி செய்துவிட்டு, ஊர் திரும்பக் கப்பலுக்காக பம்பாயில் காத்திருந்தபோது காந்தியைப் பார்த்தார். காந்தி முதலில் பார்த்தது இவருடைய காலை. கழிவுத்துணியில் தைத்த செருப்பு போட்டிருந்தார். பிறகு காந்தி ஒரு யோசனை சொன்னார்: வீட்டுக்கான பொருள் எல்லாம் வீட்டைச் சுற்றி ஐந்து மைலுக்குள் கிடைத்ததாக இருக்க வேண்டும். பேக்கருக்கு அப்போது அது விளங்கவில்லை. 1948-இல் மருத்துவரான மனைவி எலிசபெத்தோடு இமயமலைப் பக்கம் பித்தோராகர் போய்ப் பதினாறு ஆண்டு இருந்தார். பர்மிங்ஹாம் பாடப்புத்தகத்தில் சாணம் இல்லை, கரையான் இல்லை, நம் ஊர் மழை இல்லை. அங்கிருந்த மலைக்காரர்கள் கட்டியிருந்த வீடுகளைப் பார்த்துத்தான் திரும்பப் படித்தார். பிறகு வாகமண், அதன் பிறகு திருவனந்தபுரம்; செலவைக் குறைத்து அவர் கட்டியவை இன்று ஊரறிந்தவை. தத்துவம் ஆர்க்கிடெக்டுக்குப் பயன்பட்ட விதம் இதுதான்: காந்தி ஒரு வரி சொன்னார், மலைக்காரர்கள் ஒன்றும் சொல்லாமல் வீட்டைக் காட்டினார்கள், இவருக்குப் பார்க்கக் கண் இருந்தது.

கல்வராயன்காரர்கள் ஐந்து மைலெல்லாம் போகவில்லை. கூப்பிடு தூரத்திலேயே எல்லாம் கிடைத்தது. ஆனால் ஆட்சி வருவதற்குத்தான் நேரமாயிற்று. கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலை சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகிர்களாக இருந்தது. நாடு 1947-இல் விடுதலை ஆனது. ஜாகிர் ஆட்சி முடிந்து அரசாங்கம் மலையேறி வந்தது 1976-இல். அதாவது சமவெளியில் அவசரநிலை அமலில் இருந்தபோது மலைக்கு ஜனநாயகம் கொடுத்தார்கள். கையிருப்பில் இருந்ததைத்தானே கொடுக்க முடியும்.

பிறகு ரோடு வந்தது, படகுத்துறை வந்தது, தொகுப்பு வீடு வந்தது. தொகுப்பு வீட்டில் தத்துவம் இல்லையென்று சொல்லக் கூடாது. விட்கென்ஸ்டைன் வீட்டின் அதே சதுரம், அதே மொட்டை. ரேடியேட்டர்தான் குறை. வெயிலில் சுட்டு, பனியில் சில்லிட்டு, அது தானே ரேடியேட்டராகிக்கொள்கிறது. பரண் இல்லை, எனவே தானியம் கட்டிலுக்கடியில். புகை போக இடமில்லை, எனவே அடுப்பு வெளியே, பக்கத்தில் இறக்கிய சாய்ப்பில். அந்தச் சாய்ப்பைப் பார்த்தால் தெரிகிறது, யாரிடம் கேட்டிருக்க வேண்டும் என்று.

இதைப் படித்துவிட்டு, ஐயோ பழைய குடிசையே பொன் என்று யாரும் உருக வேண்டாம். புல் எரியும். புல்லில் பாம்பு வரும். கூரைக்குப் புல்லும் மூங்கிலும் காட்டிலிருந்து வர வேண்டும், காடு வனத்துறையிடம். சில ஆண்டுக்கு ஒருமுறை கூரை மாற்ற வேண்டும், ஆட்களோ கட்டட வேலைக்குக் கேரளம், கர்நாடகம் என்று போயிருப்பார்கள், ஊரானுக்கு கான்கிரீட் போட. குடிசையில் இருப்பவர் தளம் போட்ட வீடு கேட்டால் அது முழு நியாயம். அவருக்கு ஹைடெக்கரைப் படித்துக் காட்டுவது அயோக்கியத்தனம். கேட்கப்பட வேண்டியது புல்லா கான்கிரீட்டா என்பதே அல்ல. பரண் எங்கே, அடுப்பு எங்கே, மழை எந்தப் பக்கமிருந்து அடிக்கும், ஆடு எங்கே படுக்கும்? இதைக் கரியாலூரில் ஒரு பாட்டியிடம் உட்கார்ந்து கேட்க அரைநாள் போதும். டிராக்டேடஸ் படிக்க அதைவிட அதிக நேரமாகும்.

2024-இல் தமிழக அரசு கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தைக் கொண்டு வந்தது. நோக்கம் குடிசையில்லாத் தமிழ்நாடு. விட்ருவியஸிலிருந்து கார்புசியே வரை எல்லோரும் தேடிப்போன ஒன்றை 2030-க்குள் ஒழித்துவிடுவது என்று திட்டம். வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், அளவு 360 சதுர அடி. ஹைடெக்கரின் குடில் 450 சதுர அடிக்கு மேல் வரும்; மனு கொடுத்திருந்தால் தகுதியில்லை என்று திருப்பியிருப்பார்கள். ஆனால் விதிமுறையில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. 300 சதுர அடிக்குத்தான் கான்கிரீட் தளம். மிச்சம் 60 சதுர அடிக்குக் கூரையைப் பயனாளி தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம். அரசாணை எழுதிய ஏதோ ஓர் அதிகாரி, வசதி என்பது குடியிருப்பவரைக் கேட்க வேண்டிய விஷயம் என்று அறுபது அடி அளவுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார். ஓடு போடலாம், தகரம் போடலாம். புல் கூடாது.